வால்யூமுக்கு வைத்த பொட்டு

காதடைப்பான் அணியவும்

காதைப் பாதுகாக்கச் சொல்லும் ஓர் அறிவிப்பைப் பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில்தான், என் இடது காது போகத் தொடங்கியிருப்பது எனக்குத் தெரியவந்தது. இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட பொருத்தங்கள் தானாக அமையும்.

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஒரு கயிறு வலைக் கடையின் மாடியில் எங்கள் ரெக்கார்டிங் ஸ்டூடியோ இருக்கிறது. கடையும் ஸ்டூடியோவும் பொன்ராஜ் அண்ணாச்சிக்குச் சொந்தம். கீழே நைலான் கயிறு, மேலே பாட்டு. கோயில் கொடைப் பாட்டு, மாதா பாட்டு, தேர்தல் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் செய்வோம். காணாமல் போன ஆட்டைத் தேடி ஆட்டோவில் போடுகிற அறிவிப்புகூடச் செய்திருக்கிறோம். அதற்கும் பின்னணி இசை கேட்டார்கள். போட்டுக் கொடுத்தோம்.

என் வேலைக்கு முறையான பெயர் கிடையாது. கேபிள் சுற்றுவேன், சால்டர் வைப்பேன், மைக் நிறுத்துவேன், கம்ப்யூட்டரில் பாட்டை மிக்ஸ் செய்வேன், டீ வாங்கப் போவேன். அண்ணாச்சி எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார். அதில் 'செல்லத்துரை, சவுண்ட் இன்ஜினியர்' என்று இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்தக் கார்டை இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. படிப்பு குறைவு என்பதற்காக இல்லை. கார்டு கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்த ஆளிடம் பேச வேண்டும்.

அன்றைக்கு வந்தவர் ஸ்டெல்லா மேடம். புன்னைக்காயல்காரர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. நிலக்கரி வருகிற பக்கம் ஒலிபெருக்கியில் போடுவதற்கு அறிவிப்பு வேண்டும் என்றார். அவரே வாசித்தார். 'இது அதிக இரைச்சல் உள்ள பகுதி. காதடைப்பான் அணியாமல் உள்ளே வரக் கூடாது.' அவ்வளவுதான். ஒரே டேக்கில் முடிந்தது.

முடிந்ததும் அண்ணாச்சி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டூடியோவில் இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்களுக்கும் சரி நடுவில் ஒரு நாற்காலி உண்டு. ஒலி ஒழுங்காகக் கேட்கிற ஒரே இடம் அது. அது முதலாளியின் இடம். மிக்ஸ் செய்கிற நான் அதற்கு இடதுபுறம், இடது ஸ்பீக்கரின் வாய்க்கு நேரே, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருப்பேன்.

அண்ணாச்சி மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைப்பார். பாட்டைப் போட்டு வால்யூம் நாப்பைத் திருகுவார். தண்ணீரில் வளையம் வந்தால் பேஸ், அதாவது அடித்தொனி, இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் இன்னும் திருகுவார். கம்ப்யூட்டருக்குள் ஒலியை அளக்க ஆயிரம் மீட்டர்கள் இருந்தன. எங்கள் ஸ்டூடியோ டம்ளரைத்தான் நம்பியது.

இந்த அறிவிப்பில் ஒரு பெண் குரல் மட்டும்தான். வளையம் எங்கிருந்து வரும்? அதனால் அண்ணாச்சி அடியில் திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு டிரம் லூப் போடச் சொன்னார். போட்டேன். திருகினார். வளையம் வந்தது. கீழே கடையில் கொக்கியில் தொங்கும் கப்பிகள் ஒன்றோடொன்று மோதி மணி அடித்தன.

ஸ்டெல்லா மேடம் பையைத் திறந்து, தடித்த பேனா மாதிரி ஒன்றை எடுத்து என் தலைக்குப் பக்கத்தில் நீட்டினார். அது சவுண்ட் லெவல் மீட்டர்.

"அண்ணாச்சி, தொண்ணூத்தாறு காட்டுது."

அண்ணாச்சி சத்தத்தைக் குறைக்காமலே, "நல்ல மார்க்குதானா மேடம்?" என்று கேட்டார்.

"எங்க நிலக்கரி கன்வேயர் பக்கத்துலயே இதவிடக் கம்மி."

அண்ணாச்சி என் முதுகில் ஓங்கித் தட்டினார். "பாத்தியாலே! ஹார்பரையே அடிச்சிட்டோம்!"

மேடம் கை நீட்டி அவரே நாப்பை இறக்கினார். "அங்கன நிக்குதவங்களுக்கு நான் காதடைப்பான் குடுக்கேன். ஒங்க ஆளுக்கு நீங்க என்ன குடுக்கிய?"

"டீ குடுக்கோம்."

மேடம் என்னைப் பார்த்தார். "ராத்திரி படுக்கும்போது காதுக்குள்ள 'கூ'ன்னு விசில் மாதிரி கேக்குதா?"

கொஞ்ச காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபேன் சத்தம் என்று நினைத்து ஃபேனை மாற்றியும் பார்த்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

"இடது பக்கமா?"

அதற்கும் ஆட்டினேன்.

"சேசுவே" என்றார் மேடம்.

நல்ல சவுண்ட் ப்ரூஃப் அறை

ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து, ஹெட்ஃபோனில் 'பீப்' கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். இத்தனை வருடம் ஸ்டூடியோவில் வேலை பார்த்தும், ஒழுங்காகச் செய்த ஒரு சவுண்ட் ப்ரூஃப் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஸ்டூடியோவின் சுவர் முட்டை அட்டை.

வலது காதில் எல்லா பீப்பும் வந்தது. இடது காதில் மேல் ஸ்தாயி போகப் போக நீண்ட இடைவெளி விழுந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பெண் பட்டனை அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள். அது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒலி மட்டும் வரவில்லை.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். சத்தத்தில் இதே மாதிரி உட்கார்ந்திருந்தால் அடுத்து பேச்சு புரிவதில் கை வைக்கும்.

பேச்சு புரியாமல் போகும் என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. வேலை போகும் என்பது ஒரு பக்கம். எனக்குப் பேச வராது. கல்யாண வீடோ டீக்கடையோ, ஓரமாக நின்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நான் ஊரோடு பழகுகிற விதம். காதும் போனால் ஒவ்வொருவரிடமும் "என்ன சொன்னிய?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அதைவிட உப்பளத்தில் போய்ப் பகல் முழுக்க வெயிலில் நிற்கலாம்.

ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணாச்சியிடம் போய், "சத்தத்தைக் குறையுங்கள்" என்று சொல்ல வேண்டும். எளிதான வேலை. அண்ணாச்சியும் நல்ல மனிதர். சொல்ல நான்தான் வேறு ஆளாகப் பிறந்திருக்க வேண்டும்.

பிங்க் நாய்ஸும் நெயில் பாலிஷும்

ஸ்டெல்லா மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். கையில் ஒரு பழைய மீட்டர். "ஆபீஸ்ல புதுசு வந்திருச்சி. இது என் சொந்த மீட்டர். இங்கயே இருக்கட்டும்" என்றார். சத்தத்துக்கு ஓர் உச்ச அளவு வைக்கிற முறையை அன்றைக்கு அவரிடம்தான் கற்றேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அவர் சொன்ன கணக்கு இது. எட்டு மணி நேரம் இருக்கிற இடத்தில் எண்பத்தைந்து டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. மூன்று டெசிபல் கூடினால் இருக்கலாம் என்கிற நேரம் பாதியாகும். எண்பத்தெட்டு என்றால் நான்கு மணி நேரம். தொண்ணூற்றொன்று என்றால் இரண்டு.

"அப்ப தொண்ணூத்தாறுக்கு?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரே சொன்னார். "நீங்க இருந்த சத்தத்துல ஒரு மணி நேரங்கூட இருக்கப்படாது. நீங்க பகல் பூரா இருந்திருக்கிய."

செய்முறை சுலபம். கம்ப்யூட்டரில் பிங்க் நாய்ஸ் என்கிற சோதனை இரைச்சலைப் போட வேண்டும். கேட்க மழை மாதிரி இருக்கும். அதன் அளவை மைனஸ் இருபதில் நிறுத்த வேண்டும். மீட்டரை உட்கார்ந்திருக்கும் ஆளின் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, எண் நிதானமாக மாறுகிற 'ஸ்லோ'வில் போட வேண்டும். கையில் பிடித்தால் உடம்பு குறுக்கே வரும். முதலில் ஒரு ஸ்பீக்கர், பிறகு மற்றது. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரால் திருகுகிற ட்ரிம் இருக்கும். அதை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். ஒன்று தனியாக எழுபத்திரண்டு காட்டினால் இரண்டும் சேர்ந்து எழுபத்தைந்து காட்டும். நாங்கள் செய்கிற பாட்டுகள் எப்போதும் அந்த மழையைவிடப் பத்து டெசிபல் ஏறியே நிற்கும். ஆக எண்பத்தைந்து. அப்போது நாப் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி. அதுதான் உச்சம். அதற்குக் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். மேலே கிடையாது.

இடது ஸ்பீக்கர் இத்தனை காலம் வலதைவிட நான்கு டெசிபல் கூடவே கத்திக்கொண்டிருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. என் ஸ்டூல் இருந்த பக்கம்.

நாப் ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொண்டால், எங்கள் உச்சம் பத்து மணியில் விழுந்தது. குறி வைக்க அழியாத சிவப்பு வேண்டும். நெயில் பாலிஷ் நல்லது என்று மேடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபேன்சி ஸ்டோருக்கு நான் போக வேண்டியதாயிற்று. கடைப் பெண் இருபது பாட்டில்களைப் பரப்பி வைத்தாள்.

"யாருக்கு அண்ணாச்சி? கை செவப்பா, மாநிறமா?"

"ஸ்பீக்கருக்கு" என்று சொல்ல முடியுமா? "மாநிறம்" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் வந்தேன்.

அண்ணாச்சி திங்கட்கிழமை வந்து சிவப்புப் புள்ளியைப் பார்த்தார்.

"என்னலே இது?"

"மேடம்... அளவு... இதுக்கு மேல..."

"நல்லாருக்குலே. அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, டம்ளரை வைத்து, நாப்பைப் புள்ளியைத் தாண்டி மூன்று மணி வரைக்கும் கொண்டு போனார். புள்ளி இருந்தது. யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராமல், என்னை மாதிரியே இருந்தது.

நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பஞ்சை வைத்துக்கொண்டு பாட்டை மிக்ஸ் செய்வது, கையுறை போட்டுக்கொண்டு மீன் முள் எடுப்பது மாதிரி.

சீசன் பூஜை

எங்கள் தொழிலில் தீபாவளியைவிடப் பெரியது குலசை தசரா. குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, மாலை போட்டு, காளி வேஷமும் ராஜா வேஷமும் கட்டி, ஊர் ஊராகப் போகிற தசராக் குழுக்கள் இந்தப் பக்கம் எக்கச்சக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தப் பாட்டு வேண்டும். போன வருடத்துப் பாட்டைப் போட்டால் பக்கத்து ஊர்க் குழு கேலி செய்யும். அதனால் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் மாடிப்படியில் நிற்க இடம் இருக்காது.

சீசனின் முதல் பாட்டுக்கு முன்னால் ஸ்டூடியோவில் ஒரு பூஜை உண்டு. அண்ணாச்சியின் வீட்டம்மா சொர்ணம் அக்கா வந்து, மைக், கம்ப்யூட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார். குங்குமம் குலசைக் கோயிலில் இருந்து வர வேண்டும். அந்த வருடம் அதைக் கொண்டு வந்தவர் சுடலைமுத்து. அவர் ஒரு குழுவின் தலைவர். காளி வேஷம் கட்டுகிறவர். மாலை போட்டுவிட்டால் அவரை எல்லாரும் 'சாமி' என்றுதான் கூப்பிடுவோம். மற்ற மாதங்களில் அவர் உப்பு லாரி ஓட்டுகிறார். அப்போது அவரை நாங்கள் வேறு மாதிரியும் கூப்பிட்டிருக்கிறோம்.

நான் கீழே போய் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா சுத்தம் பார்க்கிறவர். 'எவனோ மேசையில செவப்பு மை கொட்டி வச்சிருக்கான்' என்று, பெயின்ட் தின்னர் வாங்கி வரச் சொல்லி, நெயில் பாலிஷ் புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டார். நாப் இருந்த அந்தப் பேனலில் சந்தனம் அப்பி, நடுவில் அம்மன் குங்குமத்தை அழுத்தமாக வைத்திருந்தார். பொட்டு வலது பக்கம் வைப்பதுதான் லட்சணம் என்று நாப்பின் வலது பக்கத்தில் வைத்திருந்தார்.

இரண்டு மணியில்.

தீபாராதனை முடிந்தது. முதல் பாட்டைப் போட்டேன். சுடலைமுத்து சாமி முன்னால் வந்து பொட்டைப் பார்த்தார். கண்ணை மூடினார். நாப்பைப் பிடித்து, மெல்ல, பயபக்தியுடன், கோடு சரியாகப் பொட்டில் நிற்கும் வரைக்கும் திருப்பினார்.

"அம்மா காட்டுன எடம்" என்றார்.

தவிலும் பம்பையும் சேர்ந்து அடித்தபோது முட்டை அட்டை ஒன்று சுவரை விட்டு விழுந்தது. மீட்டரை மேசைக்கடியில் ரகசியமாகப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. டம்ளரில் வளையம் இல்லை. தண்ணீரே பாதி வெளியே வந்திருந்தது. எனக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருந்தது. அண்ணாச்சியே முகத்தைச் சுளித்தார். அவர் திருகும்போது இன்பமாக இருந்த சத்தம், இன்னொருவர் திருகியதும் அவருக்கு அதிகமாகிவிட்டது.

"சாமி, லேசா இறக்கலாமா?" என்று கேட்டார்.

"இறக்கவா?" சாமி திரும்பினார். "அம்மன் பொட்டு வச்ச எடத்துல இருந்து இறக்கவா சொல்லுதிய?"

"இல்ல சாமி, சும்மா கேட்டேன். சத்தம் நல்லாத்தான் இருக்கு. சின்ன ரூம்லா, அதான்."

"கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். இருக்கட்டும்."

சாமியின் குழுவுக்கு மட்டும் எட்டுப் பாட்டு. அதற்குப் பிறகு வரிசையில் நிற்கிற குழுக்கள். கொடியேற்றம் வரைக்கும் நான் அந்த ஸ்டூலில்தான் உட்கார வேண்டும். பஞ்சைத் தாண்டிக்கொண்டு பம்பை உள்ளே வந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இந்த ஒரு சீசனில் இடது காது பேச்சையும் விட்டுவிடும் என்று தோன்றியது. எழுந்து நின்றேன். எப்படியும் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, கொஞ்சம்..."

"டீயா? எல்லாருக்கும் சொல்லிட்டு வா. சாமிக்குப் பால்."

போனேன். டீ சொல்லிவிட்டு வந்தேன்.

பின்பக்கம்

மாலை போட்டவர்கள் வெளியே சோறு சாப்பிடக் கூடாது. மத்தியானம் குழு முழுக்கத் விரதத்துக்குப் போட்டிருந்த தங்கள் கூரைக் குடிலுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு வருவார்கள். அண்ணாச்சியும் வீட்டுக்குப் போனார். அக்கா பூஜைப் பாத்திரங்களைப் பின்னறையில் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் பேனலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பொட்டை அழிக்க முடியாது. அழித்தால் என்னைக் காளி வேஷத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள். நாப்பை இறக்க முடியாது. அண்ணாச்சியாலேயே முடியவில்லை. முன்பக்கம் முழுக்க அம்மனுக்குச் சொந்தமாகிவிட்டது.

பின்பக்கத்துக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நாப்பை, சாமி வைத்தது போலவே, பொட்டுக்கு நேராக நிறுத்தினேன். மீட்டரை ஸ்டாண்டில் வைத்தேன். பிங்க் நாய்ஸ். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் முழங்கால் போட்டுக் குனிந்து, ட்ரிம்மை எழுபத்திரண்டு வரும் வரைக்கும் இறக்கினேன். பிறகு வலது. பிறகு இரண்டும் சேர்த்து. எழுபத்தைந்து. காலையில் பதிந்த பாட்டைப் போட்டேன். எண்பத்தைந்து.

பொட்டு அசையவில்லை. உச்சம்தான் அங்கே வந்து சேர்ந்தது.

குழு திரும்பி வந்தது. சாமி நாப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். பாட்டைப் போட்டேன்.

"சத்தம் கம்மியா இருக்க மாதிரி இருக்கே" என்றார் சாமி.

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் சும்மா இருந்தது. அவர் கை வழக்கம் போல நாப்புக்குப் போனது. திருகுவதற்குள் சாமி அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி செய்யுதிய? பொட்டத் தாண்டப்படாது."

"இல்ல சாமி, கொஞ்சமா..."

"அம்மன விட ஒமக்கு அதிகம் தெரியுமோ?"

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார். பாட்டு பாதிக்கு வந்தது. சாமி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஆனா ஒண்ணு, வரி தெரியுது. காலையில 'ஓங்கார' என்னவோன்னு பாடுதானேன்னு இருந்துச்சி. இப்பம்லா புரியுது." பாடகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏலே, ரெண்டாவது வரிய நீ தப்பாப் பாடிருக்க."

தப்பாகத்தான் பாடியிருந்தான். காலையில் அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. திரும்பப் பாடவைத்தோம். அண்ணாச்சி டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

சீசன் முழுக்க எந்தக் குழுவும் பொட்டைத் தாண்டவில்லை. பொட்டு வைத்த கதை வரிசையில் நின்றவர்களுக்கும் பரவியிருந்தது. சிலர் உள்ளே வந்ததும் நாப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அழியாத நெயில் பாலிஷை ஒருவரும் மதிக்கவில்லை. ஊதினால் பறந்துவிடும் குங்குமத்தை ஊரே மதித்தது.

இன்னொன்றும் நடந்தது. சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் நிறைய இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். தெருவில் போட்டால் மெலிந்து போகும். இந்தத் தடவை அளவாக வைத்துக் கேட்டதால், உள்ளே கேட்டதுதான் வெளியேயும் கேட்டது. குலசைக்குப் போகிற வண்டிகளில் எங்கள் பாட்டு வரி வரியாகப் புரிந்தது. அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் நம்ம கைப்பக்குவம்தான்" என்று சொல்லி எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் கொடுத்தார். எனக்கும் இரண்டு கொடுத்தார்.

அடுத்த பூஜை

மறு வருடம் பூஜைக்கு அக்கா வந்தபோது வாழைப்பழம் வாங்க நான் போகவில்லை. முந்தின நாளே வாங்கிவைத்துவிட்டு, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு சுவரோரமாக நின்றேன். அக்கா எங்கே வைத்தாலும் மத்தியானம் பின்னால் போய்க் குனிய வேண்டியதுதான்.

அக்கா பழைய சந்தனத்தைத் துடைத்தார். புதிதாகக் குழைத்தார். விரலில் எடுத்து நாப்பின் முன்னால் கொண்டு போனவர், அப்படியே நின்றார். அண்ணாச்சி வாசலில் சாமியை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

"செல்லத்துர."

"அக்கா."

"எங்கன வைக்க?"

என் கை சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பொத்தியது.

"ஏலே, ஒன்னத்தான் கேக்கேன். போன வருசம் மத்தியானம் ஸ்பீக்கருக்குப் பின்னால நீ ஒட்டகம் மாதிரி குனிஞ்சிருந்தத நான் பாத்துக்கிட்டுத்தான் பாத்திரம் கழுவுனேன். மறுநாள் இவுக வீட்டுக்கு வந்து டிவி சத்தத்தக் கொறைக்கச் சொன்னாக. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இவுக வாயில இருந்து அந்தச் சொல்லு வந்ததில்ல. அன்னைக்குத்தான் வெளங்கிச்சி, நீ என்ன செஞ்சிருக்கன்னு." விரலில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. "இந்த வருசம் நான் எடம் மாத்தி வச்சிட்டா நீ மறுபடியும் போயிக் குனியணும்லா? சொல்லு, எங்கன?"

நான் விரலால் காட்டினேன்.

"கை காட்டுனா எனக்குத் தெரியாது. வாயால சொல்லு."

"அதே எடம், அக்கா" என்றேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, தொடர்ந்தும் சொன்னேன். "அதுக்கு மேல போனா என் காது போயிரும் அக்கா. இடது காது பாதி போயிருச்சி."

அக்கா காய்ந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக விரலில் எடுத்தார். பிறகு அதே இடத்தில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வாசல் பக்கம் திரும்பி அண்ணாச்சியை அதட்டினார்.

"இந்தாருங்க, இங்க வாங்க. இவனுக்குக் காதுக்கு ஆகல. அந்த ஸ்டூல எடுத்துட்டு, நடு நாற்காலியில இவன் இருக்கட்டும். நீங்க பொறத்தால பெஞ்சுல இருந்து கேட்டாப் போதும்."

அண்ணாச்சி உள்ளே வந்தார். "காதுக்கு ஆகலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாலே!" என்று என்னைத் திட்டினார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு நாற்காலியைத் துடைத்து என் பக்கம் தள்ளினார்.

போன மாதம் காதை மறுபடி சோதித்தார்கள். இடது காது போன இடத்திலேயே நிற்கிறது. மேற்கொண்டு போகவில்லை. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே மீட்டரை வையுங்கள், உச்சத்தைக் குறியுங்கள். குறித்தால் மட்டும் போதாது, அதை வாயைத் திறந்து ஒருவரிடமாவது சொல்லுங்கள். நான் சொல்ல எடுத்துக்கொண்ட காலத்துக்கு என் காது வாடகை கொடுத்திருக்கிறது. அந்த 'கூ' சத்தம் இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்டூடியோவைப் பூட்டும்போது நன்றாகக் கேட்கும். அதற்கு முன்பக்கம் நாப்பும் இல்லை, பின்பக்கம் ட்ரிம்மும் இல்லை.